இருக்க இடம்

மானிப்பாய்,
12.01.2025

அன்புள்ள பாலேஸுக்கு,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். உமக்குத் தடிமனும் இருமலும் விட்டதா? பிள்ளை தர்சிகா எப்படி இருக்கிறாள்?

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது. ஆகையால் போனில் சுகம் மட்டும் விசாரிப்பது, இடம் பற்றிய கதையெல்லாம் கடிதத்தில் என்று நீர்தான் சட்டம் போட்டீர். முப்பத்தாறு வருடம் நோர்வேயில் இருந்த மனிதன் இப்போது தபால் கந்தோரில் முத்திரைக்கு நிற்கிறேன். அங்கிருந்த பிள்ளை, "எம்பசிக்கோ ஐயா?" என்று கேட்டாள். "மனிசிக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

உம்முடைய நிபந்தனையைத் திருப்பி எழுதுகிறேன், பிறகு மாறக் கூடாது. எனக்கு ஆறு மாதத் தவணை. அதற்குள் நீர் நடந்து திரியக்கூடிய, நின்று வெளியைப் பார்க்கக்கூடிய இடங்களைத் தேடி, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். உமக்குத் திருப்தி என்றால் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில். இல்லையென்றால் நான் இங்கே, நீர் பேர்கனில். அந்த இரண்டாவது வசனத்தை நீர் சாப்பாட்டு மேசையில் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னீர். எனக்கு இன்னும் அது செரிக்கவில்லை.

முதல் அறிக்கை: இங்கே எல்லாம் தட்டை. விடியற்காலையில் நாலு கிலோமீற்றர் நடந்தேன், ஓர் ஏற்றம் கூட வரவில்லை. நடந்ததை விட நின்று பதில் சொன்னதுதான் அதிகம். "எங்கை போறியள் அண்ணை?" என்று படலைக்குப் படலை கேள்வி. "சும்மா நடக்கிறன்" என்றால் ஒருவரும் நம்புவதில்லை. "டொக்டர் சொன்னவரே? சீனி எவ்வளவு நிக்குது?" என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரத் தம்பி சுபாஸ் இன்று எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான். குடித்தேன்.

அன்புடன்,
ரூபன்


பேர்கன்,
02.02.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கும் பிள்ளைக்கும் சுகம். நீங்கள் பிறஷர் குளிசையை மறக்காமல் போடுகிறீர்களா?

நான் திருகோணமலைக்காரி. கடலும் மலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தரம் வந்திருக்கிறேன், ஒன்று கலியாணம், மற்றது உங்கள் மாமாவின் செத்தவீடு. இரண்டிலும் ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பியாகிவிட்டது. அது உங்களுக்கு ஊர், எனக்குப் புது இடம். ஆகவே உங்கள் கண்ணால் பார்க்காமல் என் காலால் பாருங்கள்.

இருபத்தைந்து வருடம் முதியோர் இல்லத்தில் மற்ற ஆட்களின் காலைத் தூக்கி வைத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினால்தான் திங்கட்கிழமை எனக்கு வேலைக்குப் போக மனம் வரும். இப்போது ஓய்வு, ஆனாலும் மலை விடவில்லை. இன்றும் புளோயனில் மேலே போய்த்தான் வந்தேன். பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். கீழே துறைமுகம் தெரிந்தது. நீங்கள் இல்லாததால் ஒருவரும் "மூச்சு வாங்குது, திரும்புவம்" என்று கெஞ்சவில்லை.

கீரிமலை என்று ஒரு இடம் இருக்கிறதே, அது எவ்வளவு உயரம்? ஒரு பெண் தனியாகக் காலையில் நடந்தால் சனம் என்ன சொல்லும்? அதையும் எழுதுங்கள். பெருமையடித்து எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பாலேஸ்வரி


மானிப்பாய்,
25.02.2025

அன்புள்ள பாலேஸுக்கு,

நலம். குளிசை போடுகிறேன். உம்முடைய குரல் போனில் அடைத்த மாதிரி இருந்தது, வெந்நீர் குடியும்.

கீரிமலை பற்றிய அறிக்கை. பெயரில் மட்டும்தான் மலை. கடற்கரையோரம் ஒரு மேடு, அவ்வளவுதான். ஏறத் தொடங்கினோம் என்று நினைக்கும்போது முடிந்துவிடுகிறது. தர்சிகா என் போனில் உயரம் காட்டும் ஒன்றைப் போட்டுத் தந்தாள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு இலக்கத்தைத் தொடுவதற்கு அது பட்ட பாடு. சுபாஸ் சிரித்துவிட்டு, "அண்ணை, உங்கடை மனிசிக்கு மலை வேணுமெண்டா கண்டிக்கெல்லோ கூட்டிக்கொண்டு போகோணும்" என்றான். கேணித் தண்ணீர் நல்ல குளிர்மை. ஆண்கள் கடலைப் பார்த்துக் குளிக்கலாம். பெண்களின் கேணி மதிலுக்குள். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கல்லுண்டாய் வெளிக்குச் சைக்கிளில் போனேன். ஒரு பக்கம் கடல்நீர் ஏரி, ஆயிரக்கணக்கில் பறவைகள், காலையில் வெயில் சரிந்து விழும்போது வடிவோ வடிவு. மற்றப் பக்கம் குப்பை மேடு. காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்.

நடப்பதற்கு நான் கண்டதில் நல்லது வழுக்கையாற்று வரம்பு. இந்தக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். இப்போது வற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் வயல். ஆனால் பாலேஸ், அதுவும் தட்டைதான். மலையில் நின்று துறைமுகம் பார்த்த மனிசிக்கு இதைக் காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தனியாக நடக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டீர். ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆனால் கேட்பார்கள். நாலு நாள் கேட்டு, ஐந்தாம் நாள் உமக்குச் சீனி என்று முடிவு செய்துவிடுவார்கள்.

அன்புடன்,
ரூபன்


பேர்கன்,
06.04.2025

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. இங்கே சுகம். அங்கே வெயில் தொடங்கியிருக்கும், தொப்பி போடுங்கள்.

வழுக்கையாறு. வைத்தவன் நல்ல பெயர்தான் வைத்திருக்கிறான். அந்த வரம்பு எவ்வளவு அகலம்? மண்ணா கல்லா? முழுக்கத் தட்டை என்று எழுதியது உண்மைதானா, இடையில் பள்ளம் திட்டி ஒன்றும் இல்லையா? நிழல் உண்டா?

இன்னொன்று. அந்தப் பக்கங்களில் இருக்க வசதியாக எங்கேயாவது இடம் உண்டா? பார்த்து வையுங்கள்.

வேறு விசேடம் இல்லை.

இப்படிக்கு,
பாலேஸ்வரி


மானிப்பாய்,
27.04.2025

அன்புள்ள பாலேஸுக்கு,

நான் நல்ல சுகம். இந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்னும் சுகம்.

இருக்க இடம் பார்க்கச் சொல்லி நீரே எழுதிவிட்டீர். ஐந்து தரம் வாசித்தேன். பிறகு சுபாஸுக்கும் வாசித்துக் காட்டினேன். "அண்ணி ஓமெண்டிட்டா அண்ணை" என்றான். இரண்டு பேருமாகச் சந்திக்குப் போய் உழுந்து வடை சாப்பிட்டோம். தேத்தண்ணியில் சீனியும் போடச் சொன்னேன். கடைக்காரர் தயங்கினார், "இண்டைக்கு ஒரு நாளைக்குத்தான்" என்று சொல்லித் தந்தார்.

இரண்டு மாதம் கடிதம் வராதபோது நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். போனில் ஏன் வீடியோவை நிறுத்தி வைத்திருக்கிறீர் என்றும் யோசித்தேன். முடிவாகிவிட்டது, முகம் காட்ட மனமில்லை என்றே நினைத்தேன். மன்னியும்.

வரம்பு ஒரு சின்ன லொறி போகும் அகலம். மண். பள்ளம் திட்டி இல்லை, நிழல் அங்கங்கே. இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. வீடு பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
ரூபன்


மானிப்பாய்,
18.05.2025

அன்புள்ள பாலேஸுக்கு,

சுகம். உம்முடைய சுகத்தை எழுதும்.

முதலில் மணற்காடு. வடமராட்சிக் கிழக்கில் கடலோரம் மணல் மேடுகள். இந்தக் குடாநாட்டில் ஏறுகிறோம் என்று சொல்லி ஏறக்கூடிய ஒரே இடம். ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே வருகிறது. உச்சியில் நின்றால் கடல் முழுக்கத் தெரியும். அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் யாகப்பு, "உதிலை ஏறிப் போய் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். "பாத்தனான்" என்றேன். "என்னத்தை?" என்றார். கடலை என்று சொன்னேன். அவர் அந்தக் கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவர். தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார். உமக்கு இந்த இடம் பிடிக்கும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது பெரிய விசயம். வீடு கிடைத்துவிட்டது. வழுக்கையாற்றுக்கு முந்நூறு யார் தூரம். மாடி வீடு, மேல்தளம் எங்களுக்கு. உமக்கு உயரம்தானே வேணும். இந்த ஊரில் மலை இல்லாவிட்டால் நான் படிக்கட்டில் என்றாலும் உயரம் தருவேன். இருபத்திரண்டு படி. வெளிப் பக்கத்தால் ஏறுவது. மேலே போர்ட்டிக்கோவில் நின்றால் வயலும் பனையும் தூரத்தில் கல்லுண்டாய்ப் பக்கமும் தெரிகிறது. நான் மூன்று தரம் ஏறி இறங்கிப் பார்த்தேன். உமக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்காரருக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ரூபன்


மானிப்பாய்,
12.06.2025

பாலேஸுக்கு,

சுகம் விசாரிப்பது போனில் முடிந்துவிட்டது, ஆகையால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தவணை முடிய முப்பது நாள் இருக்கிறது. போனில் வீடு என்று தொடங்கினாலே, "கடிதத்திலை எழுதுங்கோ" என்று வைக்கிறீர். எழுதினால் பதில் இல்லை. தர்சிகாவைக் கேட்டால் "அம்மாட்டைக் கேளுங்கோ" என்கிறாள். நான் யாரைத்தான் கேட்பது?

வீடு பிடிக்கவில்லை என்றால் சொல்லும். ஊர் பிடிக்கவில்லை என்றாலும் சொல்லும். என்னைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதிவிடும். சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது, நான் அந்த மாடியில் நின்று தபால்காரனின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அறுபத்துமூன்று வயதில் இது என்ன கோலம்.

ரூபன்


பேர்கன்,
09.06.2025

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை.

பெப்ரவரி ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை புளோயனில் இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டேன். முழங்கால் சில்லு மூன்று துண்டு. கம்பி வைத்துக் கட்டினார்கள். நீங்கள் கீரிமலையை அளந்துகொண்டிருந்த மாதம் நான் ஆஸ்பத்திரியில். தர்சிகாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன், அவளை ஏசாதீர்கள். ஊன்றுகோல் பிடிக்கிற ஆள் வீடியோவில் எப்படி வருவது?

நான் விழுந்தேன் என்றால் அடுத்த பிளேனில் வந்து நிற்பீர்கள். பிறகு ஒருநாளும் திரும்பிப் போகமாட்டீர்கள். என் காலுக்காக உங்கள் ஊரை விட்டீர்கள் என்று கடைசி மட்டும் நான் சுமக்க வேண்டும். அது ஒன்று. மற்றதையும் எழுதிவிடுகிறேன். மலை இல்லை, நடக்க இடமில்லை என்று சொல்லித்தானே நான் வராமல் நின்றேன். இப்போது கால் போன பிறகு "சரி வாறன்" என்றால், வேறு போக்கில்லாமல் வந்தவள் ஆகிவிடுவேன். எனக்கு அது ரோசமாக இருந்தது.

டொக்டர் சொன்னது இதுதான். ஏற்றம் இறக்கம், படி, இனிச் சரிவராது. சமதரையில் நடக்கலாம், கட்டாயம் நடக்க வேண்டும். இருநூறு மீற்றருக்கு ஒரு தரம் இருந்து ஆற வேண்டும். டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டே எனக்கு உங்கள் வழுக்கையாறுதான் ஞாபகம் வந்தது. "அதுவும் தட்டைதான், வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்களே.

அதனால்தான் இருக்க இடம் உண்டா என்று கேட்டேன். குடியிருக்க அல்ல. குந்தியிருக்க. ஒரு மதகு, ஒரு கல், ஏதாவது. உட்கார என்று எழுதியிருந்தால் உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் வாயில் அந்தச் சொல் எப்போது வந்தது, நாங்கள் இருந்துதானே பழக்கம். உங்கள் ஏப்ரல் கடிதம் வந்தபோதே திருத்தியிருக்கலாம். வடை சாப்பிட்டதெல்லாம் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கை வரவில்லை. இப்போது இருபத்திரண்டு படி வந்து நிற்கிறது.

எனக்காக இங்கே வர வேண்டாம். ஊரில் ஒருவருக்கும் சொல்லவும் வேண்டாம். வந்து இறங்குகிறேனோ இல்லையோ, "பாவம், கால் ஏலாத மனிசி" என்று ஒரு ஊர் முன்கூட்டியே என்னைப் பார்க்கக் கூடாது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாலேஸ்


மானிப்பாய்,
01.07.2025

என்ரை பாலேஸுக்கு,

உம்முடைய ஒன்பதாம் திகதிக் கடிதம் வந்து நாலு நாள். பன்னிரண்டாம் திகதி நான் எழுதியதை வாசித்திருந்தால் கிழித்துப் போடும்.

உம்மை நல்லாய் ஏச வேண்டும் என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன். மூன்று துண்டு என்றதும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நீர் கிடந்த நேரத்தில் நான் போனைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன். வெந்நீர் குடியும் என்று எழுதியிருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே அழுகை வந்தது. வந்து முடிந்தது. இனி விசயம்.

மாடி வீட்டுக்காரரிடம் போய், "எனக்குப் படி ஒத்துவராது" என்று சொன்னேன். மூன்று தரம் ஏறி இறங்கின மனிதனை அவர் மேலும் கீழும் பார்த்தார். "முழங்கால்" என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. தன் மனைவிக்கும் அதுதானாம். அவரே கூட்டிக்கொண்டுபோய் அதே ஒழுங்கையில் ஒரு நில வீட்டைக் காட்டினார். வாசலில் இரண்டு படி இருந்தது. மேசனைப் பிடித்துச் சரிவாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சைக்கிள் ஏற்ற என்று சொன்னேன்.

பிறகு வரம்பில் நடந்தேன். நான் பேர்கனில் இருபது வருடம் பஸ் ஓட்டியவன், தரிப்பிடம் பார்க்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம். இருநூறு மீற்றருக்கு ஒரு தரம் நின்று, இருக்க முடியுமா என்று இருந்து பார்த்தேன். இரண்டு மதகு சரியான உயரம். ஒரு பிள்ளையார் கோயிலில் திண்ணை மாதிரிக் குந்து உண்டு. நடுவில் நானூறு மீற்றருக்கு ஒன்றுமே இல்லை. அங்கே நிலத்தில் இருந்துவிட்டு எழும்பும்போது சுபாஸ் ஓட்டோவோடு வந்துவிட்டான். "என்ன அண்ணை, ஏன் இஞ்சை எல்லாம் இருந்து இருந்து போறியள்?"

உம்மைச் சொல்ல வேண்டாம் என்றீர். சொல்லவில்லை. "எனக்குத்தான் முழங்கால் தம்பி, கொஞ்சம் நடந்தா இருக்கோணும்" என்றேன்.

ஆறு மாதமாகச் சும்மா நடக்கிறேன் என்று சொன்னபோது இந்த ஊரில் ஒருவரும் நம்பவில்லை, பாலேஸ். முழங்கால் என்றதும் ஊரே எழும்பிவிட்டது. அடுத்த நாள் காலை வயற்கரை வேப்பமரத்தடியில் ஒரு வாங்கு கிடக்கிறது, மூன்று பேர் இருக்கக்கூடிய பழைய பள்ளிக்கூட வாங்கு. சுபாஸும் வேறு இரண்டு பேரும் தூக்கிக்கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதற்கு அங்கால் ஒரு வீட்டில் படலைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரை. அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அண்ணை, காலமை வைப்பன், மத்தியானம் எடுத்துப்போடுவன், வெயிலுக்கு வெடிச்சுப்போம்" என்றாள். கடைக்காரர் எண்ணெய் ஒரு போத்தல் தந்தார், காய்ச்சிப் பூசட்டாம். ஒரு வீட்டையும் ஏமாற்றாமல் எல்லாவற்றிலும் இருந்து எழும்பி வருகிறேன். ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்க ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. என்ரை கால் நல்லாய் இருக்கிறது, இருந்து இருந்து இடுப்புத்தான் நோகிறது.

உம்மைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சீனிக்காரனும் முழங்கால்காரனும் நான்தான்.

வருவதும் வராததும் உம்முடைய முடிவு. வராவிட்டால் நான் அங்கே வருகிறேன், அதையும் நீர் தடுக்க முடியாது. நீர் எங்கேயோ நான் அங்கே. கோப்பை கழுவும்போது சொன்ன அந்த வசனம் மட்டும் வேண்டாம்.

உம்முடைய,
ரூபன்


பேர்கன்,
20.07.2025

இஞ்சாருங்கோ,

கடிதம் வந்து மூன்று நாள். தவணை முடிந்து எட்டு நாள். ஊன்றுகோலை விட்டுவிட்டேன், கைத்தடி மட்டும்தான். அந்த எண்ணெயை வீணாக்காமல் வையுங்கள், எனக்கு வேணும்.

நேற்றுத் தர்சிகாவோடு ஏரியைச் சுற்றி நடந்தேன். தட்டைப் பாதை. இத்தனை வருடம் அதை நடை என்றே நான் கணக்கெடுத்ததில்லை. ஒவ்வொரு வாங்கிலும் இருந்தேன். எல்லா வாங்கிலும் ஏற்கெனவே யாராவது ஒரு வயதான ஆள் இருந்தார். நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது, யாராவது "எங்கை போறியள்?" என்று கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வந்து நான் அந்த வாங்குகளில் இருந்தால், சனம் என்ன நினைக்கும்? முழங்கால்காரப் புருசனுக்குத் துணையாக மனிசி இருக்கிறாள் என்று நினைக்கும். அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். கைத்தடியையும் நீங்களே பிடியுங்கள், எனக்கு வேணுமென்ற நேரம் வாங்கிக்கொள்கிறேன்.

மணற்காட்டில் யாகப்புவின் கடையில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்தானே. நீங்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி.

செப்டெம்பர் கடைசியில் டிக்கெட் போட்டாயிற்று, ஒரு வழி.

இருக்க வாறன். இந்த முறை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டாலும் சரி.

உங்கள்,
பாலேஸ்